பதினேழாம் பாத்தியில் குற்றாலச் சாரல்

இதை நம்புகிறவர்களுக்கு ஒரு கும்பிடு. நம்பாதவர்களுக்கு இரண்டு கும்பிடு, ஏனென்றால் அவர்கள் என்னை ஏற்கெனவே அறிந்தவர்கள். கடற்கரையோரம் உவர்மங்கலம் என்று ஓர் ஊர், அந்த ஊரில் கண் கூசுகிற தூரத்துக்கு உப்பளம், அந்த உப்பளத்தில் காக்கைகூடக் கண்ணை மூடிக்கொண்டு பறக்கிற ஆனி மாதத்தில் தொடங்கி, பதினேழாம் பாத்தியின் மேல் மட்டும், நான்கு வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு துளி சிந்தாமல், நாற்பது நாள் குற்றாலச் சாரல் பெய்தது. எப்படிப் பெய்தது என்று கேட்டால் அண்ணாந்து சூரியனைக் காட்டுவேன். யாரால் பெய்தது என்று கேட்டால் குனிந்துகொள்வேன்.

என் பெயர் சத்தியவாகீசன். பெற்றவர்கள் களக்காட்டுக் கோயில் சாமியின் பெயரை வைத்தார்கள். சாமி இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் மழை அளப்பது என் வேலை. பதினேழாம் பாத்தியின் வடக்கு வரப்பில் ஒரு மழைமானி நிற்கும், தினமும் காலை எட்டரைக்கு அதைத் திறந்து பார்த்து, நின்ற தண்ணீரை அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நின்றால்தானே அளக்க? தை தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று எழுதி எழுதிக் கை துருப்பிடித்துப்போன மனுஷன் வாயையாவது ஓட்ட வேண்டாமா, அதனால்தான் கடல் ஓர் அமாவாசையன்று தன் உப்பைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பிய கதையையும், நான் அந்த ஆளுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிய கதையையும் வரப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன். உப்பு வாருகிற பெண்கள் பலகையை ஊன்றி நின்று, “அப்புறம் அண்ணாச்சி?” என்பார்கள். அந்த “அப்புறம்” என்ற சொல்லைக் கேட்டே அறுபது வயதைத் தாண்டினேன்.

அந்த வருஷம் மாசியில் டாக்டர் வைஜயந்தி வந்தார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. மலைமேல் சூரியனைப் பார்த்துப் படிக்கிற டாக்டர். சூரியன் முகத்தில் கரும்பொட்டுகள் தோன்றும், அவை பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவை பெருகிக் குறையும், அந்தப் பெருக்கத்துக்கும் குறைவுக்கும் பூமியில் பெய்கிற மழைக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் உண்டா என்று தேடுவது அவர் வேலை. மலையில் ஆனி ஆடி முழுக்க மேகம் மூடிக்கொள்ளும், சூரியன் தென்படாது, அதனால் மேகமே எட்டிப் பார்க்காத எங்கள் ஊரில் ஒரு தொலைநோக்கியை வைக்க வேண்டும் என்றார். சங்கத்தின் பழைய தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தார்கள். அதன் வழியே சூரியன் ஒரு காகிதத்தில் வந்து ஒரு சாண் வட்டமாக விழும், காகிதத்தில் அச்சடித்த வட்டத்தோடு அதைப் பொருத்தி, பொட்டு இருக்கிற இடத்தைப் பென்சிலால் வரைந்து, அடியில் அன்றைய மழையை எழுதி, வாரத்துக்கு ஒரு தடவை மலைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பொட்டையும் மழையையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தது அவர் செய்த பிழை. ஆள் நானாக இருந்தது சூரியன் செய்த பிழை.

“ஒண்ணே ஒண்ணு சார்,” என்றார் போகும்போது. “ஒரு நாள் பார்க்க முடியலேன்னா வட்டத்தை வெறுமனே விட்டுட்டு, ‘பார்க்கவில்லை’ன்னு எழுதிடுங்க. வெறும் வட்டமும் எனக்குத் தகவல்தான்.”

மூன்று மாதம் ஒழுங்காக வரைந்தேன். பொட்டு ஓர் ஓரத்தில் முளைக்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும், பதின்மூன்று நாளில் மறு ஓரத்தில் போய் மறையும். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருக்கும். ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். உப்புக் காற்றில் வெந்த உடம்பு அதைக் கேட்டதும் தானாக எழுந்து நின்றது. யாரிடமும் சொல்லாமல், ஒன்பது காகிதங்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிவிட்டேன்.

ஒன்பது நாள் குளித்தேன். காலையில் ஐந்தருவி, மாலையில் பெரிய அருவி, நடுவில் எண்ணெய்த் தேய்ப்பு, எண்ணெய்க்குப் பிறகு பரோட்டா, பரோட்டாவுக்குப் பிறகு உறக்கம். ஒன்பதாம் நாள் லாட்ஜ் அறையில் காகிதங்களை விரித்தேன். ஒன்பது வெறும் வட்டங்கள் ஒன்பது வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தன. வாழ்நாளில் ஒரு வெற்றிடத்தைக் கண்டும் சும்மா இருந்தவன் இல்லை நான். அந்த நேரம் பார்த்து டீ டம்ளரை முதல் காகிதத்தில் வைத்துவிட்டேன், எடுத்தபோது வட்டத்துக்குள் ஒரு கறை. டம்ளரின் அடியில் இருந்த நெளிவு கறையிலும் ஒரு பக்கம் கடித்த மாதிரி விழுந்திருந்தது. கறையைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன், அழகான பொட்டு. அதையே பார்த்து அடுத்த எட்டையும் வரைந்தேன். பொட்டு தினமும் நடக்கும் என்பது தெரியும். ஆனால் எண்ணெய் தேய்த்த உடம்பு, நகர்த்திப் போடச் சோம்பல். சன்னலுக்கு வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே, ஒன்பதிலும் எழுதினேன்: ‘மழை: சாரல், நான்கு மில்லிமீட்டர். இடம்: பதினேழாம் பாத்தி, வடக்கு வரப்பு.’ பதிவேட்டிலும் ஊர் திரும்பிய கையோடு அப்படியே ஏற்றிவிட்டு, உறையை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன்.

உறை மலையேறி அவர் கையில் சேர மூன்று நாள் ஆகியிருக்கும். நான்காம் நாள் காலை வரப்பில் நடந்து வருகிறேன், பதினேழாம் பாத்தியிலிருந்து அந்தப் பாத்திக்காரி மரியபுஷ்பம் கூப்பிடுகிறாள்.

“அண்ணாச்சி! ஓடி வாங்க! ஒங்க டப்பாவுல தண்ணி நிக்கி!”

பாத்தி மேல் நிழல் விழுந்திருந்தது, மேகமில்லாத நிழல். அந்த நிழலுக்குள் பூவாளியில் தூவுகிற மாதிரி மெல்லிசாகச் சாரல். கையை நீட்டிப் பிடித்து நாக்கில் வைத்தேன். மூலிகை வாசம், பல் கூசுகிற குளிர்ச்சி. மழைமானியைத் திறந்தேன்: நான்கு மில்லிமீட்டர். தொட்டி மேல் ஏறிச் சூரியனைக் காகிதத்தில் இறக்கினேன். அங்கே, நடுவுக்குக் கொஞ்சம் இடதாக, ஒரு பக்கம் கடித்த மாதிரி நெளிவோடு, என் டீக்கறை உட்கார்ந்திருந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் வரப்பைச் சுற்றி நின்று பார்த்தது. உள்ளங்கால் பிளந்து, பிளவில் உப்பு ஏறி, ராத்திரியில் கால்களைத் தலையணை மேல் வைத்துப் படுக்கிற பெண்கள். வெள்ளை வெளிச்சத்தில் கண் இடுங்கிப்போன ஆண்கள். இரண்டாம் நாள் பேச்சியம்மை, மேல வரிசையில் கூலிக்கு உப்பு வாருகிறவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். “எளா, குளுருதுடீ!” என்று கத்தினாள், கத்திக்கொண்டே அழுதாள், அழுகையோடு முழுசாக உள்ளே போய்விட்டாள். மூன்றாம் நாள் எல்லாரும் உள்ளே. ஒரு வாரத்தில் பெண்களுக்குக் காலை, ஆண்களுக்கு மாலை என்று முறை வந்தது. பத்தாம் நாள் எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவர் ஓலைப்பாயோடு வந்து வரப்பில் கடை போட்டார். அப்புறம் மங்குஸ்தான் கூடை, மிளகாய் பஜ்ஜி, புதுசாகக் கல்யாணமான ஜோடிகள், பக்கத்து ஊர்களிலிருந்து வேன். குரங்கு ஒன்றுதான் வரவில்லை. அதுவும் வரும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். சங்கச் செயலாளர் தங்கப்பழம், எதையும் பலகையில் எழுதி மாட்டினால்தான் நடந்ததாக ஒப்புக்கொள்கிறவன், ‘சோப்பு போட்டுக் குளிக்கக் கூடாது’ என்று எழுதி மாட்டினான். அதோடு சாரல் ஊர் வழக்கமாகிவிட்டது. “எத்தனை மணிக்கு நெழலுக்குப் போறிய?” என்று கேட்டுக்கொண்டார்களே தவிர, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், “அண்ணாச்சி, சூரியன்ல பொட்டு இருக்கா?” என்பார்கள், இருக்கிறது என்பேன், ஏதோ நானே வைத்த பொட்டு மாதிரி என்னைக் கும்பிடுவார்கள். அந்தக் கும்பிடு எனக்கு இனித்தது. மறைக்கவில்லை.

பாத்தி மரியபுஷ்பத்துடையது. பதினோரு வருஷம் மற்றவர்கள் பாத்தியில் கூலிக்கு வாரி, முறை வந்து, போன கார்த்திகையில்தான் அவள் பேருக்கு எழுதினார்கள். சங்கத்தில் ஒரு சட்டம்: ஆவணி முதல் தேதிக்குள் மேட்டில் ஓர் அம்பாரமாவது உப்பு குவிக்காத பாத்தி, பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மழையால் கெட்டது என்று மழைப் பதிவேடு சொன்னால் மட்டும் விலக்கு. வெயில் வேண்டிய உப்புத் தண்ணீரில் சாரல் விழுந்து விழுந்து, பூக்க ஆரம்பித்த உப்பு கரைந்தது, தண்ணீர் நல்லதண்ணீராகிவிட்டது, உப்பளத்தில் யாரும் கேட்டிராத சத்தமாகத் தவளை கத்தியது. குளிக்கிறவர்கள் அதையும் கேட்டுச் சிரித்தார்கள். அவள் வரப்பில் உப்பு வாருகிற பலகையோடு உட்கார்ந்திருப்பாள். “ஒனக்கு ராசி புள்ள, ஒம் பாத்தியில வந்து எறங்கியிருக்கு பாரு,” என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: பதிவேட்டில் மழை இருக்கிறது, அவளுக்கு விலக்கு இருக்கிறது, பாத்தி எங்கேயும் போகாது. நல்ல கதைகளில் நான் அதிகம் நம்பியது இதைத்தான்.

ஆடி நடுவில் டாக்டர் வைஜயந்தி நேரில் வந்தார். நிழலுக்குள் நின்றார், நனைந்தார், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார், சின்னப் பிள்ளை மாதிரி முகம். ஊரே கூடிவிட்டது.

“நூறு வருஷத்துக்கு மேல தேடுறாங்கம்மா,” என்றார் பெண்களிடம். “ஓர் ஊர்ல முப்பது வருஷம் பொட்டும் மழையும் ஒண்ணாப் போகும். எல்லாரும் சந்தோஷப்படுவோம். அப்புறம் ஒரு நாள் காரணமே இல்லாம ரெண்டும் கையை உதறிட்டுப் போயிடும். சூரியன் கூடிக் குறையறதே ஆயிரத்துல ஒரு பங்குதான். பொட்டு நிறைய இருக்கிற வருஷம் அது கொஞ்சம் கூடத்தான் எரியும், குறைஞ்சு இல்லை. இப்படி நிழல் விழறதுக்கு எனக்கு விளக்கமே இல்லை.”

“அந்த ஆயிரத்துல ஒரு பங்கை எங்க தலையிலதான எறக்கியிருக்காவ,” என்றாள் பேச்சியம்மை. “எறக்கட்டும், நல்லாத்தான் இருக்கு.”

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். கையில் அந்த ஒன்பது காகிதங்கள்.

“வாகீசன் சார், இது ஒண்ணுதான் எனக்கு உறுத்துது. பொட்டு ஏன் நகரவே இல்லை?”

“இந்த ஊருக் காத்துல உப்பு ஜாஸ்திம்மா,” என்றேன். “ஒட்டிக்கிட்டிருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: “இந்த ஒன்பது நாளும் நீங்க கண்ணால பார்த்து வரைஞ்சதுதானே?”

மரியபுஷ்பம் எனக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். தொட்டியின் ஏணி அவள் வரப்பில்தான் இறங்குகிறது. ஒன்பது நாள் அந்த ஏணியில் ஒரு கால்கூடப் படவில்லை என்பது உலகத்தில் ஒருத்திக்குத் தெரியுமென்றால் அவளுக்குத்தான் தெரியும்.

“கண்ணாலதாம்மா,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். குனிய வேண்டியவன் நிமிர்ந்து நிற்கிறேன், அவள் குனிகிறாள். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொன்றும் வாயை விட்டுப் போகும்போது பறவை மாதிரிப் பறந்துபோகும். இது மட்டும் பறக்காமல் என் தோள் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் ஜீப் ஏறிப் போன பிறகு அவளிடம் போனேன்.

“தெரிஞ்சும் ஏன் புள்ள சொல்லலை?”

“நாலு பேரு முன்னால ஒரு வயசாளிய எப்பிடி அண்ணாச்சி பொய்யுன்னு சொல்ல?” என்றாள். “நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன்.”

சாரல் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் யாரோ ஒருவர் சினிமாப் பாட்டுப் பாடிக் குளித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் நல்லாத்தான் குளிக்கிறாவ,” என்றாள். “பேச்சியக்கா காலுல புண்ணு ஆறிட்டு. எனக்கே ஒரு நாளு ஆசையா இருந்திச்சி. ஆனா எனக்கு மழை வேண்டாம் அண்ணாச்சி. வெயிலு வேணும். அத மட்டும் எப்பிடியாவது வாங்கித் தாங்க.”

அன்று மதியமே எழுதினேன். ஒன்பது நாளும் நான் குற்றாலத்தில் இருந்தேன், பொட்டு டீக்கறை, மழை லாட்ஜ் சன்னலில் பார்த்தது, ஒன்பது வட்டங்களிலும் ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக்கொள்ளவும். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெட்கம் வந்தவனுக்கு அளவு தெரிவதில்லை. என் எழுத்து எதையுமே நம்ப வேண்டாம் அம்மா என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்துக்கு முகம் கிடையாது, அதனிடம் உண்மை சொல்வது சுலபம்.

டாக்டர் என் பதிவுகளை அடித்த நாளாகத்தான் இருக்க வேண்டும், ஆடி முடிய ஐந்து நாள் இருக்கும்போது, பெண்கள் குளிக்கிற நேரம், சாரல் நின்றது. குழாயை மூடின மாதிரி நின்றது. நிழல் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனது. தலை முழுக்க எண்ணெயோடு அறுபது பேர் உப்பளத்து வெயிலில் நின்றார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், எல்லாருக்கும் எல்லாரும் ஈரச் சேலையோடு நிற்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மிதிபட்டுச் சேறான பாத்தியில் மரியபுஷ்பம் பலகையோடு இறங்கினாள். சேற்றை வழித்து, புது உப்புத் தண்ணீர் பாய்ச்சி, அது காய்ந்து பூக்க மூன்று வாரமாவது வேண்டும். இருந்தது ஐந்து நாள்.

டாக்டரிடமிருந்து எனக்கு இரண்டு வரி வந்தது: ‘பதினாறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான பொருத்தம் உங்களுடையதுதான். அவ்வளவு சரியாக இருந்ததாலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.’ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சங்கத்துக்குத் தனியாக ஓர் அலுவலகக் கடிதம் வந்திருந்ததை ஆவணி முதல் தேதிக் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கப்பழம் அதை நின்றுகொண்டு வாசித்தான். “உவர்மங்கலம் நிலையத்தின் பொட்டு, மழைப் பதிவுகள் அனைத்தும் நம்பத்தகாதவை என நீக்கப்படுகின்றன.” மடித்தான். “காரணம் எழுதலை. காயிதப்படி மழை இல்ல. மழை இல்லேன்னா விலக்கு இல்ல. பதினேழாம் பாத்தியில அம்பாரமும் இல்ல. சட்டப்படி அடுத்த பேரு…” பட்டியலைப் பார்த்தான். “பேச்சியம்மை.”

மரியபுஷ்பம் சுவரோரம் நின்றிருந்தாள். முழங்கை வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அவளை வெயிலுக்கு விட்டவனும் நான்தான், அந்த வெயிலில் அவள் நிற்க இருந்த ஒரே குடையைப் பிடுங்கியவனும் நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்திருக்க நினைத்தேன். முட்டி பிடித்துக்கொண்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம், முட்டிக்கு ஒன்றுமில்லை.

பேச்சியம்மை எழுந்தாள். ஒன்பது வருஷமாகப் பாத்திக்குக் காத்திருந்தவள். இரண்டு ஆறின பாதங்களையும் தரையில் ஊன்றி நின்றாள்.

“எவன் சொன்னான் மழை இல்லேன்னு?” என்றாள். “நான் முப்பத்தாறு நாளு குளிச்சேன். அவ பாத்தியிலதான் குளிச்சேன். அவ பாத்துக்கிட்டு இருக்கையிலதான் குளிச்சேன். எழுதிக்கோ.”

தங்கப்பழம் பேனாவைத் திறந்தான். பிறகு பின்வரிசையில் ஒருத்தி, “நான் இருவது நாளு,” என்றாள். “நான் எண்ணலை, சோப்பும் போட்டேன்,” என்றார் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு. “நானும் எம் பொண்டாட்டியும்.” “நான் விருந்தாளிகளையும் கூட்டிட்டு வந்தேன்.” ஒவ்வொருவராக எழுந்தார்கள், எழுந்தவர்கள் மரியபுஷ்பத்தைப் பார்க்காமல் சொன்னார்கள், சொன்னவர்கள் உட்காராமல் நின்றார்கள், தங்கப்பழம் வரிசை வரிசையாக வந்து பேரும் நாளும் எழுதிக்கொண்டே போனான், ‘ஆறு நாள், நான்’ என்று தன் பேரையும் நடுவில் எழுதிக்கொண்டான், எழுதிக்கொண்டே என் வரிசைக்கு வந்து, நிமிராமலே கேட்டான்:

“அண்ணாச்சி, ஒங்களுக்கு எத்தனை நாளு?”

எழுந்தேன்.

“ஒன்பது நாளு,” என்றேன். “ஆனா இங்க இல்ல. குற்றாலத்துல. அந்த ஒன்பது நாளும் சூரியனை நான் பாக்கலை. பொட்டை வச்சது நான். மழையை எழுதினதும் நான். மரியபுஷ்பம் பாத்தி கெட்டது என் கையால. காயிதம் ஏன் அப்பிடி வந்திச்சின்னா, அதுவும் நான் எழுதின கடுதாசியாலதான்.”

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாராவது “அப்புறம் அண்ணாச்சி?” என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. தங்கப்பழத்தின் பேனா காகிதத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“எழுதுங்க,” என்றாள் மரியபுஷ்பம், சுவரோரத்திலிருந்து. “அவரு வாயால சொன்னதை, சொன்னபடியே எழுதுங்க.”